படகுக் கொப்பியைத் தேடி எடுங்கள், தங்கச்சி

வாசகியின் கடிதம்:

அக்கா, எனக்கு 21 வயது. நிலாவெளியில் இருக்கிறேன். 2024ஆம் ஆண்டு கலைப் பிரிவில் உயர்தரம் எழுதினேன். இரண்டு சி, ஒரு எஸ். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மூன்று மாதக் கணினிப் பயிற்சி ஒன்று முடித்தேன். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்புப் பகுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுயவிபரக் கோவை தயாரிக்கக் கொமியூனிகேஷனுக்குப் போனேன். கடைக்கார அண்ணா வேறு யாருடையதையோ கணினியில் திறந்து, பெயரை மட்டும் மாற்றித் தந்தார். ‘முன் அனுபவம்’ என்ற இடம் வெறுமையாக இருந்தது. “இல்லை என்று போடவா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எங்கும் வேலை செய்ததில்லை. என் அண்ணா புறாமலைத் தீவுக்குப் படகு ஓட்டுகிறார். அவருக்கு வரும் அழைப்புகளை எடுப்பேன், யார் எப்போது வருகிறார்கள் என்று கொப்பியில் எழுதி வைப்பேன், அவ்வளவுதான். பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் ஆறு பேருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையில் உதவி செய்கிறேன். இவற்றையெல்லாம் அனுபவம் என்று எழுத முடியாதல்லவா? உறவினரல்லாத இருவரின் பெயரைக் கேட்கும் இடத்தில் ஓர் அரசியல்வாதியின் பெயரைப் போடலாம் என்கிறார் கடைக்காரர். அம்மா மாமாவின் பெயரைப் போடச் சொல்கிறார். எதிர்பார்க்கும் சம்பளத்தையும் எழுத வேண்டுமா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தவள், ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பதினெட்டு வருடங்களாக ஹோட்டல்களின் ஆளணிப் பிரிவில் இருக்கிறேன். வரவேற்பு மேசைக்கு நானே ஆள் எடுத்திருக்கிறேன். அந்த மேசையில் இருப்பவர் என்ன செய்கிறார்? தொலைபேசி எடுக்கிறார். யார், எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பதிகிறார். ஒருவர் பிந்தினால் அடுத்தவரை முன்னுக்கு எடுக்கிறார். கடல் கொந்தளித்துப் பயணம் நின்றுபோனால், காசு கட்டியவரின் கோபத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு நாளைப் பேசிக் கொடுக்கிறார். கடைசியில் சொன்னதை நீங்கள் எழுதவில்லை. ஆனால் படகுக்காரர் வீட்டில் தொலைபேசி எடுப்பவர் அதற்குத் தப்பியிருக்க முடியாது.

சம்பளம் தராத வேலையை நம் வீடுகளில் வேலை என்று சொல்வதில்லை. ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’ என்பார்கள். அந்தச் ‘சும்மா’வை நீங்களும் நம்பிவிட்டீர்கள், கடைக்காரர் பாவம், அவர் என்ன செய்வார்.

முதலில் அந்தக் கொப்பியைத் தேடி எடுங்கள். போன சீசனில், அதாவது 2025 மே முதல் செப்டெம்பர் வரை, நீங்கள் எழுதிய பக்கங்களை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பயணம், எத்தனை ஆட்கள், அதில் வெளிநாட்டவர் எத்தனை பேர். உத்தேசமாகச் சொல்ல வேண்டாம். கையில் கொப்பி இருக்கும்போது உத்தேசம் எதற்கு? அதற்கு முந்திய சீசன்களிலும் பாடசாலை விடுமுறையில் இதைச் செய்திருந்தால் அந்த மாதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இப்படி எழுதுங்கள்: ‘முன்பதிவு உதவியாளர், குடும்பப் படகுச் சேவை, நிலாவெளி. 2025 மே முதல் செப்டெம்பர் வரை. தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் வரும் பதிவுகளை ஏற்று, நாளாந்தப் பயண நேரங்களை ஒழுங்கு செய்தேன். நாளொன்றுக்குச் சராசரியாக இத்தனை பயணங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் கட்டண விபரத்தை விளக்கினேன். முற்பணத்தைப் பதிந்து, மாலையில் கணக்கு ஒப்படைத்தேன்.’ முற்பணம் வாங்கியது நீங்களா அண்ணாவா என்று எனக்குத் தெரியாது. அண்ணா என்றால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். ‘குடும்பப் படகுச் சேவை’ என்பதில் ‘குடும்ப’ என்ற சொல்லை மறைக்காதீர்கள். மறைத்தால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளியே வரும். வெளியே வந்த பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கட்டண விபரத்தைப் பற்றி ஒரு சொல். புறாமலை 2003இலிருந்து தேசிய பூங்கா. நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, படகுக் காசு படகுக்காரருக்கு. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்துக்கு ஏன் இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டும் என்று கேட்காத வெள்ளைக்காரர் உண்டா? அதை நீங்கள் எத்தனை தடவை பொறுமையாக விளக்கியிருப்பீர்கள்! ஹோட்டலில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இந்தச் சேவைக் கட்டணம் எதற்கு, இந்த வரி எதற்கு’ என்று கேட்பவருக்கு விளக்குவதும் இதே வேலைதான். நேர்முகத்தில் ‘கோபமான வாடிக்கையாளரைச் சமாளித்திருக்கிறீர்களா’ என்று கேட்டால், இந்தச் சீட்டுக் கதையைச் சொல்லுங்கள். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களே அந்தக் கேள்விக்கு மழுப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதையும் எழுதுங்கள், ஆனால் இரண்டு வரி போதும். எந்தத் தரம், எந்தப் பாடம், எப்போதிலிருந்து. புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் சேருங்கள். ஹோட்டலுக்குப் பாடம் படிப்பிப்பவர் தேவையில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் வந்து உட்காருகிற ஆள் நீங்கள் என்பதை அந்த இரண்டு வரி சொல்லிவிடும். சீசன் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகிறவர்களால் நொந்துபோன முகாமையாளருக்கு அது சின்ன விடயம் அல்ல. அறநெறிப் பாடசாலை இன்னொரு காரணத்துக்காக வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அந்தக் கடைப் பிரதியைப் பற்றி. நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். ‘அழுத்தத்தின் கீழ் பணியாற்றும் ஆற்றல்’, ‘குழுவாக இயங்கும் திறன்’, ‘பொழுதுபோக்கு: வாசிப்பு, நீச்சல், கிரிக்கெட்’. அதற்குக் கீழே, ‘மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென இத்தால் உறுதிப்படுத்துகிறேன்’ என்று உங்கள் கையொப்பம். தங்கச்சி, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?

சிரிக்கவில்லை, நானும் அதே வழியில் வந்தவள்தான். என் முதல் சுயவிபரக் கோவையைச் சிநேகிதி ஒருத்தியினுடையதைப் பார்த்துத்தான் எழுதினேன். அவள் பாடசாலை வலைப்பந்து அணித் தலைவி. அந்த வரியும் என் தாளுக்குள் வந்துவிட்டது. நேர்முகத்தில் இருந்த பெண்மணி, ஒருவேளை தானும் ஆடியவராக இருக்கலாம், ‘அணியில் எத்தனை பேர்?’ என்று கேட்டார். நான் யோசிக்காமல் ‘பதினொன்று’ என்றேன். வலைப்பந்தில் ஏழு பேர். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை மெதுவாக மடித்து வைத்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிலிருந்து எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. தாளில் உள்ள எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும், அதைப் பற்றி இரண்டு நிமிடம் உங்களால் பேச முடிய வேண்டும். முடியாத வரி வேண்டாம். ‘குழுவாக இயங்கும் திறன்’ பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். கொப்பியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

தனிப்பட்ட விபரங்கள் என்று அந்தக் கடைப் பிரதி அரைப் பக்கத்தைத் தின்றிருக்கிறது. சமயம், இனம், திருமணமானவரா இல்லையா, உயரம், தந்தையின் தொழில், அடையாள அட்டை இலக்கம். தனியார் நிறுவனத்துக்குப் போகும் தாளில் இவற்றில் ஒன்றும் வேண்டாம். வேலை கிடைத்த பிறகு அவர்கள் தரும் படிவத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அடையாள அட்டை இலக்கத்தை நம்மவர்கள் வீட்டு முகவரி போல எங்கும் எழுதிவிடுகிறார்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளுடன் 500 கூட்டியிருப்பார்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்த எண்ணே பாதிச் சாதகம். எத்தனை மேசைகளில் கிடக்கப் போகிறதென்று தெரியாத தாளில் அது ஏன்? அரசாங்க வேலைக்கான விண்ணப்பம் வேறு விடயம். வர்த்தமானியில் கேட்டதைக் கேட்ட ஒழுங்கில், ஒரு புள்ளி பிசகாமல் எழுத வேண்டும்.

படம் கேட்டிருந்தால் வையுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். வைப்பதென்றால், ஸ்டூடியோக்காரர் உங்களை நான்கு நிறம் வெளுப்பாக்கித் தர முன்வருவார். நேரில் வந்தவரையும் படத்தில் இருப்பவரையும் மாறி மாறிப் பார்த்து நாங்கள் குழம்பத் தேவையில்லை.

பெயர் விடயத்தில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பரீட்சைப் பெறுபேற்றில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி என்று நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அலைகின்றன. ஓர் ‘எச்’ கூடும், ஓர் ‘ஏ’ குறையும். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். மின்னஞ்சல் முகவரியும் அதே எழுத்தில் இருக்கட்டும். தந்தையின் பெயரை முதலெழுத்தாகவா முழுதாகவா போடுவது என்பது உங்கள் விருப்பம். உங்களை எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். தந்தையின் பெயரை முதலில் எழுதிய பிள்ளையைத் தந்தையின் பெயராலேயே நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, யாரும் எழும்பாமல் இருந்த கூத்தெல்லாம் எங்கள் வரவேற்பறையில் நடந்திருக்கிறது.

மொழிகளுக்கு நல்ல இடம் கொடுங்கள். திருகோணமலையில் வரவேற்பு மேசைக்கு மூன்று மொழியும் வந்து நிற்கும். வார இறுதியில் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், அவர்களில் பலர் சிங்களத்தில்தான் பேசுவார்கள். ‘தமிழ், சிங்களம், ஆங்கிலம்: நன்று’ என்று ஒரே வரியில் முடித்தால் நான் ஒன்றையும் நம்ப மாட்டேன். பேசுவது, வாசிப்பது, எழுதுவது என்று பிரித்து எழுதுங்கள். ‘சிங்களம்: அன்றாடப் பேச்சு விளங்கும், பேசுவேன்; வாசிக்கப் பழகுகிறேன்’ என்று ஒருத்தி எழுதியிருந்தால், அவள் ‘நன்று’க்காரர் பத்துப் பேரை முந்திவிடுவாள். வாசிக்கப் பழகாவிட்டால் அதை எழுத வேண்டாம். எழுதுவதற்காகவாவது பழகத் தொடங்கினால் கெட்டுப்போகாது.

கணினிப் பயிற்சிக்கும் இதே கதைதான். ‘மூன்று மாதச் சான்றிதழ்’ என்பதைவிட, எக்செலில் ஒரு கணக்கு அட்டவணை போட்டுக் கூட்டுத்தொகை எடுப்பீர்களா, பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்வீர்களா, பார்க்காமலா என்பதுதான் முக்கியம். அந்தக் கொப்பியின் ஒரு மாதத்தை எக்செலில் ஏற்றிப் பாருங்களேன். வருமானம், ஆட்கள் தொகை, எந்தக் கிழமையில் கூட்டம் அதிகம் என்று ஓர் அட்டவணை. அண்ணாவுக்கும் உதவும், உங்களுக்கும் சொல்ல ஒரு வேலை கிடைக்கும். அந்தப் பயிற்சி என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைக்குள் வருவதென்றால் அதன் மட்டத்தைக் கட்டாயம் போடுங்கள். ஒன்று முதல் ஏழு வரை மட்டங்கள் உண்டு, ஹோட்டல்காரர்களுக்கு அந்த எண் விளங்கும். இனிமேல் ஏதாவது பயிற்சிக்குக் காசு கட்டுவதானால், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கடலில் பத்து வருடம் கழித்த உங்கள் அண்ணாவைப் போன்றவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், கைத்திறனைச் செய்து காட்டி மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. பெறலாம். அவரவர் தொழிலுக்கு அது உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கல்வியைக் கடைசியில் போடுங்கள், சுருக்கமாக. இரண்டு சி, ஒரு எஸ் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமையடிக்கவும் ஒன்றுமில்லை. அப்படியே எழுதிவிட்டு நகருங்கள். 2024 உயர்தரம் மழையால் இடையில் நின்று பிறகு தொடர்ந்த பரீட்சை என்பது ஆள் எடுப்பவர்களுக்கும் தெரியும், ஆனால் அதைச் சாட்டாகச் சொல்ல வேண்டாம். சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களையும் அட்டவணை போட்டு நிரப்பாதீர்கள். ஆங்கிலம், கணிதம் இரண்டுக்கும் நல்ல பெறுபேறு என்றால் அவற்றை மட்டும் குறிப்பிடுங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை காத்திருந்த மாதங்களைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. இந்த நாட்டில் எல்லாரும் காத்திருந்தவர்கள்தான்.

உறவினரல்லாத இருவர். மாமா உறவினர், அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவிடம் என் பெயரைச் சொல்லித் தப்பிக்கொள்ளுங்கள். அரசியல்வாதியின் பெயர் அதைவிட மோசம். ஒருமுறை விண்ணப்பதாரி ஒருவர் எழுதியிருந்த பெரிய மனிதருக்குத் தொலைபேசி எடுத்தேன். ‘யார் தம்பி அது? எந்த ஊர்?’ என்று அவர் என்னிடமே கேட்டார், நான் தம்பி இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல். உங்களைத் தெரிந்தவர்தான் வேண்டும், பெரியவராக இருக்கத் தேவையில்லை. அறநெறிப் பாடசாலைப் பொறுப்பாளர் ஒருவர். உங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரின் தாயோ தந்தையோ இன்னொருவர். ஆசிரியராகவோ கிராம உத்தியோகத்தராகவோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இருவரிடமும் நேரில் போய்க் கேளுங்கள். எந்த ஹோட்டல், என்ன வேலை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்போதுதான் அழைப்புப் போகும்போது ‘ஓம், நல்ல பிள்ளை’ என்பதோடு நிறுத்தாமல் இரண்டு விடயம் சேர்த்துச் சொல்வார்கள்.

இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஹோட்டல் என்பதால் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். முதலில் தமிழில் கையால் எழுதுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வசனமாக மாற்றுங்கள். உங்கள் ஆங்கில ரீச்சர் யாரிடமாவது கொடுத்துப் பிழை திருத்திக்கொள்ளலாம். இப்போது கைத்தொலைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். எழுத்துப்பிழை பார்க்க அது நல்ல ஆள். வாழ்க்கையை எழுதச் சொன்னால், எல்லாருக்கும் ஒரே வாழ்க்கையைத்தான் எழுதித் தருகிறது. ஒரே வாரத்தில் ஒரே முதல் வசனத்துடன் எனக்குப் பல தாள்கள் வந்திருக்கின்றன. அத்தோடு, தாளில் அவ்வளவு பெரிய ஆங்கிலம் பேசியவர் நேரில் ‘குட் மோர்னிங்’ உடன் நின்றுவிட்டால் எல்லாருக்கும் சங்கடம்.

அனுப்பும்போது பி.டி.எப். ஆக அனுப்புங்கள். தமிழில் ஏதாவது வேலைக்கு விண்ணப்பிப்பதானால் இது இன்னும் முக்கியம். நம் கொமியூனிகேஷன் கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால், உங்கள் பெயர் முதல் ஊர் வரை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உதிர்ந்து கிடக்கும். யுனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். ‘புதியது இறுதி 2’ என்ற பெயரில் எத்தனை பேருடைய தாள்கள் என் கணினியில் கிடக்கின்றன தெரியுமா? அச்சடித்த தாளைக் கட்டிலில் விரித்துப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். போர்வையின் பூக்கூடத் தெரிகிறது.

மின்னஞ்சல் அனுப்பினாலும், ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு உப்புவெளிக்கு நேரில் போங்கள். வார நாளில், முற்பகல் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் போனால் நல்லது. காலைச் சாப்பாட்டு அவசரம் முடிந்திருக்கும், அறையை விட்டுப் போகிறவர்களின் நெருக்கடி இன்னும் தொடங்கியிராது. இங்கே சீசன் ஏப்ரல், மே வாக்கில் சூடுபிடிப்பதால் பெப்ரவரி, மார்ச்சில்தான் ஆள் தேடுவோம். அதற்குள் கொடுத்துவிடுங்கள்.

சம்பளத்தை எழுத வேண்டாம், அவர்கள் கேட்டால் ஒழிய. ஆனால் வேலை தருகிறோம் என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு; கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, 10 வீதச் சேவைக் கட்டணத்தில் ஊழியருக்கு எவ்வளவு பங்கு, சீசன் இல்லாத மாதங்களில் அது எவ்வளவாகக் குறையும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுதும் அவர்கள்தான் கட்ட வேண்டும். ‘பயிற்சிக் காலம்’ என்று சொல்லி இவற்றைத் தள்ளிப்போடுகிறார்களா என்று கவனியுங்கள்.

இன்னொன்று, இது நான் அம்மாவாகவும் கேட்பது: பின்னேர ஷிப்ட் முடிகிற நேரத்தில் உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு பஸ் இருக்காது. ஹோட்டல் வாகனம் வீட்டு வாசல் வரை வருமா, சந்தி வரைதானா என்று கேட்டு, பதிலை அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.